எழுத்து மனிதனும் என் வீட்டுக்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓர் இரும்பு மனிதனின் வயிற்றுக்குள் நின்று அழுதேன். சிரிக்காதீர்கள்... விஷயத்தைச் சொல்கிறேன்.

மைசூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் புதிதாக ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் — இரண்டு ஆள் உயரம். உடம்பு முழுக்க எழுத்துகள்தான். கன்னடம், தமிழ், உருது, இங்கிலீஷ் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தைகூடத் தேறாது. முதுகுப் பக்கம் ஒரு வழி. உள்ளே போய் நிற்கலாம்.

பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மாதிரி ஒருத்தர் ஏற்கெனவே என் வீட்டில் இருக்கிறாரே!

என் கணவருக்கு ஆறு மாதம் முன்பு ஸ்ட்ரோக். கை கால் தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. மிச்சமிருப்பது ஒரே ஒரு கன்னட வார்த்தை — 'ஹௌது'. ஆமாம் என்று அர்த்தம். காபி வேணுமா? ஹௌது. வேண்டாமா? ஹௌது. நான் குண்டாயிட்டேனா? அதற்கும் ஹௌது. (இதை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்வார்.)

அவருக்கோ அந்தச் சிற்பத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் போய் எழுத்துகளைத் தடவுவார். ஞாயிறன்று ஓர் எழுத்தில் விரலை வைத்து வாயைத் திறந்தார்... திறந்தார்... வெறும் காற்றுதான் வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவர் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போய் உள்ளே நுழைந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுத்துகளின் இடுக்கு வழியாகப் பார்த்தால், மனுஷன் என்னைத் தேடுகிறார். பெஞ்சைப் பார்க்கிறார், கேட்டைப் பார்க்கிறார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கோ... மதி!"

முப்பத்தோரு வருஷக் கல்யாணத்தில் என்னை ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? 'ஏய்', 'இந்தா', நாலு பேர் முன்னால் என்றால் 'இங்க பாரு' — அவ்வளவுதான்.

பார்க் வாட்ச்மேன் மாதேஷ், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர், உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, சார் கூப்புடறாருங்க... காதுல விழுகலீங்களா?"

"விழுந்துச்சு. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

"கோமதி! கோமதி!"

மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாவிதான் நான், ஒத்துக்கொள்கிறேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே பேர் சொல்லியே கூப்பிடுவீங்களா?"

"ஹௌது."

'மாட்டீங்களா' என்று திருப்பிக் கேட்கவில்லை. எனக்கென்ன பைத்தியமா?