பெடலில் வழுக்காத ஷூ

பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய சைக்கிள் பெடல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் மச்சான் செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். காலையில் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பெடலைக் கழற்றி, கிரீஸ் வேட்டியில் ஒட்டாமல் இருக்கத் துணி சுற்றி, பஸ்ஸில் திருப்பூருக்குக் கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமான பாய். பொட்டலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, ஷூ வாங்க வந்தீங்களா, பழைய இரும்பு போட வந்தீங்களா?" என்றார். மச்சான் சிரிக்கவில்லை. "என்ற காலு எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுங்க பாய். அதான் பெடலையே கேட்டுப் பாத்துரலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. மச்சானுக்கு இளவயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. எண்பதுகளில் எங்கள் பக்கம் அந்த வியாதியைப் பற்றி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. இனிப்பைக் குறைத்தால் போதும் என்று இருந்துவிட்டார். நாளாக நாளாகப் பாதங்கள் மரத்துப் போயின. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவரின் காலில் ஒரு ரப்பர் செருப்புதான் இருந்தது. மற்றது வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. "இன்னொண்ணு எந்த ஸ்டாப்புல எறங்கிக்கிச்சுங்க மச்சான்?" என்று நான் கேலி பேசினேன். அவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்காமல் அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "இது தெரியுதுங்களா, இது தெரியுதுங்களா" என்று கேட்டுக்கொண்டே போனாள். அவர் எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வெறுங்காலில் நடக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரும். எந்நேரமும் பாதத்தை மூடின ஷூ போட வேண்டும்.

மச்சானின் பிழைப்பே சைக்கிள்தான். நிட்டிங் கம்பெனி மெஷினில் பின்னின துணியைக் கேரியரில் கட்டிச் சலவைப் பட்டறைக்கும், அங்கிருந்து கட்டிங் டேபிளுக்கும் கொண்டு போய்ச் சேர்ப்பார். அது வயிற்றுக்கு. மனதுக்கு ஒரு ஓட்டம் தனியாக இருந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே சின்ன மலை. மேலே முருகன் கோயில். கிருத்திகை தவறாமல் அபிஷேகப் பாலை இவர்தான் சைக்கிளில் மேலே கொண்டு போவார். அந்த நாளில் தார் ரோடு கிடையாது. மழைத் தண்ணீர் அறுத்த கல்லுத் தடம்தான். ஏறும்போது பாதி மிதித்துப் பாதி தள்ளுவார். இறங்குவதைத்தான் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். சீட்டில் உட்கார மாட்டார். இரண்டு பெடலையும் ஒரே மட்டமாக நிறுத்தி, அதன்மேல் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, சைக்கிள் குதிக்கக் குதிக்க அதன் போக்கில் உடம்பை விட்டு, காலிப் பால் கேன் லொடலொடக்க இறங்கி வருவார். ரப்பர் போட்ட பெடல் ஈரத்தில் வழுக்கும் என்று இரும்புப் பெடல்தான் வைத்திருந்தார். அதன் ஓரமெல்லாம் ரம்பம் போலப் பல் இருக்கும். அந்தப் பல் செருப்பின் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பெடலைத்தான் மச்சான் பாய் கடையில் ஒவ்வொரு ஷூவின் அடியிலும் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஆபீஸ் போகிறவர்கள் போடும் பளபளப்பான ஷூ முதல் அழுத்திலேயே சர்ரென்று வழுக்கியது. அது தோல் வேறு. சாமி காரியத்துக்கு ஆகாது என்று தள்ளி வைத்தார். பந்து விளையாடுகிற ஷூவில் அடியில் குமிழ் குமிழாக இருந்ததால் பெடல் எங்கேயும் நிலையாக உட்காரவில்லை. இன்னொன்று நல்ல கெட்டி. ஆனால் அடிப்பாகம் பலகை போல வளையவே இல்லை. "இதுல காலு பெடல் மேல இருக்குதா எறங்கிப் போச்சாங்கறதே தெரியாதுங்க" என்றார். "உங்களுக்குத்தான் எதுலயுமே தெரியாதுங்களே" என்றேன் நான். "பாதத்துக்குத்தான் தெரியாது மாப்பிள்ளை. முட்டிக்குத் தெரியும்" என்றார். கடைசியில் பாய் பரண்மேல் ஏறி ஒரு கறுப்புத் துணி ஷூவை எடுத்துப் போட்டார். தோல் துளியும் இல்லை. அடி தட்டையாக, மிருதுவான ரப்பர். மச்சான் பெடலை வைத்து அழுத்தினார், பல் பதிந்தது. இழுத்தார்; வரவில்லை. பெடலோடு சேர்த்துத் தூக்கிக் காட்டி, சின்னக் குழந்தை போலச் சிரித்தார். "இது பிடிச்சா உடாதுங்ணா, எங்க ஊட்டம்மா மாதிரி" என்றார் பாய்.

எல்லோருக்கும் நிம்மதி. மலைக்கு மேலே ஷூ போகலாமா என்று ஒரு சந்தேகம் அக்காவுக்கு இருந்தது. பெரியவர்கள் அடிவாரத்துத் தீபக்கம்பத்துக்குப் பக்கத்தில் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஏறுவது வழக்கம். பூசாரியிடம் போய்க் கேட்டாள். "சீக்குக்காரருக்கு என்னுங்க அம்மிணி, மேல கோயில் வாசப்படில கழட்டுனாப் போதும். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்று அவரே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு மச்சானும் தலையை ஆட்டினார். அதன்பிறகு கிருத்திகைதோறும் அக்கா அவர் காலைக் கழுவித் துடைத்து, சாக்ஸ் மாட்டி, நாடாவைக் கட்டி அனுப்புவாள். மாலையில் திரும்பி வரும்போதும் நாடா கட்டினபடியே இருக்கும். அப்படியே சில வருஷம் போனது. அந்த ஷூவை முருகனே காட்டிக் கொடுத்தான் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு கிருத்திகை. பிரசாதம் வாங்கிக்கொள்ள நானும் அக்கா வீட்டில் இருந்தேன். மச்சான் இருட்டினபிறகு நனைந்துகொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா எப்போதும் போல ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் வரவில்லை. இழுத்துப் பார்த்தவள் கையை எடுத்தாள், கையெல்லாம் ரத்தம். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே வரிசையாகப் பல் பல்லாகக் கிழிந்திருந்தது. மச்சான் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தன் காலைக் குனிந்து பார்த்தார். அக்கா ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஷூவுல ஒரு ஓட்டை இல்லீங்களே. அப்பறம் காலு எப்படிங்க கிழியும்?" என்றாள். "அடிவாரத்துல கழட்டி ஹேண்டில்பார்ல தொங்க உட்டுட்டுத்தான் மேல போறது. எறங்கி வந்து மாட்டிக்குவேன்" என்றார். "இன்னைக்கு மட்டுங்களா?" "எப்பவுந்தான்." "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே." "நீங்க யாரும் கேக்கலியே அம்மிணி."

எந்த இடத்துக்காக அந்த ஷூவைத் தேடித் தேடி வாங்கினாரோ, அந்த இடம் வந்ததும் கழற்றிவிட்டிருக்கிறார். ஷூவைக் கவ்வ வேண்டிய இரும்புப் பல்லின்மேல், உணர்ச்சி இல்லாத வெறும் பாதத்தோடு நின்றுகொண்டு அத்தனை வருஷமும் மலை இறங்கியிருக்கிறார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பூசாரியே போட்டுட்டு வரச் சொன்னாருங்களே மச்சான்" என்றேன். "மலை பூராவும் சாமிதான் மாப்பிள்ளை. அது மேல ரப்பரப் போட்டு மிதிக்கச் சொல்றீங்களா?" என்றார். "சைக்கிள் டயரும் ரப்பருதானுங்களே" என்றேன் நான். "டயரு சாமிக்குப் பால் கொண்டு போகுது. ஷூ என்ற காலுக்குத்தானுங்களே போகுது" என்றார். நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவன்தான். எட்டாவதுக்குமேல் படிக்காத என் புத்திக்கு அவர் சொன்னது தப்பு என்றும் படவில்லை, சரி என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. இன்றுவரைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு கிருத்திகைக்கு மலைக்குப் போக வேண்டும் என்றார். அதற்குள் வண்டி போகிற அளவுக்குத் தடத்தைச் சரிசெய்திருந்தார்கள். என் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மிச்சமிருந்த வலது காலுக்கு அக்கா ஷூவை மாட்டி, நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டாள். "கழட்ட உட்றாத தம்பி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அடிவாரம் வந்ததும் மச்சான் என் தோளைத் தட்டினார். அக்கா சொன்னதைச் சொன்னேன். "சரி, அவ சொன்னா நீங்க மீறக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அங்கேயே குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஒற்றைக் காலோடு குனிய முடியவில்லை. இரட்டை முடிச்சு அவர் விரலுக்கு வரவும் இல்லை. நான் துண்டை அவிழ்த்து, இறங்கி, மண்ணில் மண்டியிட்டு அந்த முடிச்சை அவிழ்த்தேன். அவர் கால் எதிலும் பட்டுவிடாமல் துண்டை மடித்து வண்டியின் கால்மிதியில் போட்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் தரையில் ஊன விடாமல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சந்நிதி வரைக்கும் போனேன். துணி மூட்டை தூக்கிப் பழகின கை எனக்கு. அவரிடம் கனமே இல்லை. தீபாராதனை காட்டும்போது என் கையில் இருந்தபடியே கும்பிட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஷூவை வாங்கி உள்ளே வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அடுத்த தைப்பூசத்துக்கு மச்சான் இல்லை.

இப்போது மலைமேல் வரை தார் ரோடு. கார்கள் வாசல் வரைக்கும் போய் நிற்கின்றன. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் நடந்து ஏறினால் அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். நானும் விடுகிறேன். அக்காவுக்கும் இப்போது சர்க்கரை வந்துவிட்டது. கிருத்திகைக்கு என்னோடு நடந்தே வருகிறாள். கண்டாங்கிச் சேலைக்குக் கீழே துணி ஷூ போட்டிருப்பாள். தீபக்கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஷூவைக் கழற்றாமல் ஏற ஆரம்பிப்பாள். போன மாதம் ஒரு அம்மாள் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்கயே கழட்டறது வழக்கமுங்களே" என்றார். அக்கா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு எனக்கும் சேத்துக் கழட்டிட்டாருங்க."