மேல்மண்

என் வீட்டுக்காரர் செம்பூரில் ஒரு தபேலாவில் பால் கறந்தார். எருமைக் கொட்டிலைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வோம். அங்கே பால் வற்றிய எருமையை யாரும் வைத்துக்கொள்வதில்லை. தீனி தண்டம் என்று கசாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். கறந்த மாட்டைத் தன் கையாலேயே லாரியில் ஏற்றிவிட்டு வரும் நாளில் அவர் சாப்பிட மாட்டார். ஒருநாள் முதலாளியிடம் போய், வற்றிய எருமைகளை வெளியே கொண்டுபோய் மேய்த்து, சினையாக்கித் திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். முதலாளி ஒன்பது எருமைகளை நம்பிக் கொடுத்தார். தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கல்யாணுக்கு அப்பால் ஒரு மேட்டு நிலத்துக்குப் போனோம். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது.

நிலம் டோம்பிவிலிக்காரர் ஒருவருடையது. விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைத்திருந்தார். எங்களுக்குள் எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கண்டவர் மாடெல்லாம் மேய்ந்து மொட்டையாகிப் போன சரளை மேடு அது. மழை பெய்தால் தண்ணீர் சிவப்பாக ஓடிப் பள்ளத்தில் விழும். மண் பரிசோதனை ஆபீசில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். நாங்கள் கொண்டுபோன மண்ணைச் சோதித்துவிட்டு, இதில் கரிமச் சத்தே இல்லை என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். செத்த வேரும் சாணமும் மக்கி மண்ணுக்குள் தங்குவதுதான் அது, தண்ணீரைப் பிடித்து வைப்பதும் அதுதான் என்று இந்தியில் சொன்னாள். புல்லை மாடு அடிவரை கடித்துவிட்டால் வேர் வளராது என்றும் சொன்னாள்.

மூங்கிலும் முள்ளும் வைத்து நிலத்தை எட்டுத் துண்டாகத் தடுத்தோம். ஒரு துண்டில் நாலைந்து நாள் மேய்ச்சல், பிறகு அடுத்தது. மேய்ந்த துண்டு ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்கும். தீவனத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசால் செடியும் விதைத்தோம். முதல் வருடம் பாதி முளைக்கவில்லை. கோடையில் வைக்கோல் வாங்கிப் போட்டே எருமைகளைக் காப்பாற்றினோம். எனக்கு வெறுத்துப் போயிற்று, தாராவிக்கே போய்விடலாம் என்று அழுதேன். அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மழைக்காலத்தில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடிய தண்ணீர் நின்று இறங்கியது. கையால் தோண்டினால் மண் கறுப்பாக, மண்புழுவோடு வந்தது. ஆறு எருமைகள் சினையாகித் திரும்பிப் போயின, வேறு வற்றிய எருமைகள் வந்தன. மறுபடி மண்ணைச் சோதித்து, ஆபீஸ் சீட்டில் கரிமம் நடுத்தரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அந்தச் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

தீபாவளி கழிந்து நிலத்துக்காரர் வந்தார். மண்ணைக் காட்டுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான். மூன்று வருடம் பட்ட பாட்டையும் இவர் சந்தோஷமாகச் சொல்லி, ஒரு பிடி மண்ணையும் எடுத்துக் கொடுத்தார். நிலத்துக்காரர் முகர்ந்து பார்த்தார், நல்லா இருக்கிறது என்றார்.

அடுத்த வாரம் லாரிகள் வந்தன. டோம்பிவிலியில் புதுக் கட்டடங்களுக்கு நடுவே தோட்டம் போடுகிறார்களாம், அதற்கு மண். எருமை மேயும் இடத்தை நான் கேட்கவில்லையே, மேலே இருக்கிற மண்ணை மட்டும்தானே எடுக்கிறேன் என்றார் நிலத்துக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

"மேல இருக்கதுதான் சேட் மண்ணு. கீழ வெறும் கல்லு," என்றார் இவர். இந்தி தெரிந்தவர், அன்றைக்குத் தமிழில் பேசினார். யாருக்கும் புரியவில்லை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. எருமைகள் மஞ்சள் சரளையில் நின்று மோந்து பார்த்தன. தீனி இல்லாததால் தபேலா முதலாளி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கே அனுப்பினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

தாராவிக்குத் திரும்பி நாலு வருடம் கழித்து, ஐரோலிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதே மாதிரி செய்கிறாயா என்று தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு வருசம் ஆகும்லா," என்றார்.

"ஆகட்டுமே," என்றேன்.

"என்னால முடியாதுளா."

வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.