கண்டியில் ஏது வெயில்

என் தம்பி பிறந்தபோது, பிள்ளை மாறிவிட்டதோ என்று ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் சரிபார்த்தார்களாம். அவ்வளவு வெள்ளை. தலைமயிர், புருவம், இமை எல்லாம் பால் நிறம். தோலில் நிறமே ஊறாத பிறவி. பக்கத்தில் நின்ற நானோ அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கரி மாதிரி இருப்பேன். எனக்கே எல்லாம் செலவழிந்துபோனதால்தான் அவனுக்குக் கறுப்பு மிஞ்சவில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கண்டி வாவிக்கரையில் ஆட்டோக்காரர்கள் அவனை வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து ஆங்கிலத்தில் கூப்பிடுவார்கள். நான் உடனே வழிகாட்டியாகிவிடுவேன். "ஜெர்மன் துரை" என்று தொடங்கி, என் ஓட்டை ஆங்கிலத்தில் அளந்துவிடுவேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவான்.

அம்மா அவனை முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கறுப்புக் குடை இல்லாமல் வாசல் தாண்ட விட்டதில்லை. இருபத்தொரு வயதிலும் அப்படித்தான் வந்தான், பல்லேகலப் பக்கம் நாங்கள் ஞாயிறுதோறும் கிரிக்கெட் விளையாடும் மைதானத்துக்கு. குடையின் கீழ் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவான். ஒரு நாள் எங்களுக்கு ஆள் குறைந்தது. அவனைக் கூப்பிட்டேன். குடையோடு எழுந்து எல்லைக்கோட்டுக்கு நடந்தான்.

"டேய், கொடைய அம்பயர்கிட்ட குடுத்துட்டு வாடா! கல்யாணப் பொண்ணு மாதிரி வர்றியே!" என்று கத்தினேன்.

மைதானமே சிரித்தது. நல்ல பகடி என்று நானும் என்னை மெச்சிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு குடை வரவில்லை, தொப்பியும் வரவில்லை. அரைக்கை ஜெர்சியோடு வந்து நின்றான். தம்பியின் கூச்சத்தைப் போக்கிவிட்ட பெருமையில் அன்று எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடை எங்கே என்று அம்மா கேட்டபோது பதில் தயாராக இருந்தது. "கண்டியில ஏதும்மா வெயிலு? நாங்களே குளிர்ல நடுங்கிக்கிட்டு வெளையாடுறோம்."

முழுப் பொய் இல்லை. மலைப்பக்கத்திலிருந்து முகில் இறங்கி நிற்கும், காற்று சில்லென்று அடிக்கும். வேர்வை வராத இடத்தில் வெயில் இல்லை என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. காலை பத்திலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை விளையாடுவோம். வீடு திரும்பும்போது அவன் கழுத்தும் காதும் செக்கச்செவேலென்று இருக்கும். ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு படுப்பான். "தக்காளிப்பழம் பழுத்துருச்சு" என்று அதற்கும் ஒரு பகடி விடுவேன். இப்படியே ஒன்பது வருஷம்.

அவன் தடித்த மூக்குக்கண்ணாடி போடுகிறவன். ஒரு நாள் காதின் மேல் விளிம்பில் சிறு புண் வந்தது. கண்ணாடியின் கம்பி உரசுகிறது என்று முடிவு கட்டினேன். பிலிமத்தலாவைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய் ஃபிரேமை மாற்றினேன். பிறகு இன்னொரு ஃபிரேம். கம்பியில் பஞ்சு சுற்றினேன். புண் காய்ந்து பொருக்கு விழும், திரும்ப ரத்தம் கசியும். எட்டு மாதம் கண்ணாடிக்கு வைத்தியம் பார்த்த மேதை நான்.

கடைசியில் போன கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணாடி ஒரசுனது டாக்டர்" என்றேன்.

"கண்ணாடி இல்லை, வெயில். புற்றுநோய் மாதிரித்தான் கிடக்கு. வெட்டிச் சோதிக்க வேணும்."

"கண்டியில ஏது டாக்டர் வெயிலு?"

"சூடு வேற, கதிர் வேற. காத்து குளிரா இருந்தாலும் கதிர் தோலைச் சுடும். முகிலுக்குள்ளாலயும் வரும். எங்கட தோலில இருக்கிற கறுப்பு அதைக் கொஞ்சம் தடுக்கும். இவருக்கு அது பிறப்பிலயே இல்லை." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் தொப்பி போடுறேல்லையோ?"

தம்பி என்னைப் பார்க்கவேயில்லை.

"சின்ன வயசுல போட்டேன் டாக்டர். அப்புறம் சோம்பேறித்தனம்" என்றான்.

வாய் மூடாதவன் என்று ஊர் முழுக்கப் பெயரெடுத்த நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.

முதலில் காதில் பாதியை எடுத்தார்கள். அதற்குள் நோய் காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது. அதை எடுத்தபோது முக நரம்பும் போயிற்று. முகத்தின் இடது பக்கம் அசையாமல் நின்றுவிட்டது. அதன் பிறகு மூன்று மாதம்தான் இருந்தான். அன்று குடையைப் பற்றிக் கத்தியதற்குப் பதில் நாங்கள் பத்துப் பேரும் ஆளுக்கொரு தொப்பி போட்டிருக்கலாம். ஆட்டத்தை நாலு மணிக்குத் தள்ளியிருக்கலாம். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது.

வார்டில் ஒரு பின்னேரம் அவன் கட்டிலருகே உட்கார்ந்து தொடங்கினேன். "தம்பி, அன்னைக்கு டாக்டர்கிட்ட நாந்தான் சொல்லியிருக்கணும். தொப்பியக் கழட்ட வச்சது..."

"விடுங்கண்ணே." வாயின் ஒரு பக்கத்தால் மெல்லப் பேசினான். "அந்த மைதானத்துல மட்டுந்தான் என்னைய யாரும் வெள்ளையன்னு கூப்புடல. நெசமாச் சொல்லுங்க, நான் நல்லா வெளையாடினேனா?"

நல்லா விளையாடினாய் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என் வாய்தானே.

"எத்தனை கேட்ச விட்ட, தெரியுமாடா?"

அவன் சிரித்தான். வலது பக்கம் மட்டும் சிரித்தது. மூட முடியாத இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. அது நரம்பு போனதால் வருகிற நீர் என்று தாதி சொன்னாள். நான் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டேன். திரும்ப வந்தது. திரும்பத் துடைத்தேன்.