நிர்மலாவின் முட்டிப் பூட்டு

என் தங்கை நிர்மலாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. வலது காலில் இரும்புப் பட்டையும் தோல்வாரும் மாட்டித்தான் நடப்பாள். எழுந்து நின்றதும் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் சறுக்கி இறங்கி, மடிப்பைப் பூட்டிக்கொள்ளும். பத்து வருஷம் தேய்ந்த அந்த வளையம், போன ஆவணியில் உப்பளம் ஸ்டாப்பில் அவள் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது தானாக மேலேறிவிட்டது. முட்டி மடிந்து நடுரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் அடித்தார், எனக்கு இன்னும் தங்கை இருக்கிறாள்.

காலுக்குப் புதுப் பட்டை செய்ய அளவு கொடுத்தோம், வர நாளாகுமாம். அதுவரை வீட்டில் இரு என்றால் கேட்பாளா? பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்குத் தற்காலிக வேலை, லீவு போட்டால் போய்விடும். வளையத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

"வளையம்தான? நான் பண்ணிடறேன்" என்றார் அவள் புருஷன் வெற்றிவேல்.

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். முதலியார்பேட்டை வீட்டில் துணி துவைக்கிற இடத்தை அடைத்து, இரும்பைச் செதுக்குகிற குட்டி மில்லிங் மெஷின் ஒன்றை வைத்திருக்கிறார். மற்றவர்கள் சீட்டாடுகிற நேரத்தில் இவர் அதை நோண்டுவார். அதற்கே தாலி கட்டியிருக்கலாமே என்று நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

முதல் வளையத்திலேயே மெஷினுக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தது. அதற்குப் பதில் பெல்ட் போடுகிறேன் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினார். பரப்பிய வாக்கிலேயே ஆயுத பூஜை வந்தது. நிர்மலா ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். மறுவாரம் அவர் மெஷினைத் திரும்பப் பூட்டினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அப்புறம் செய்த மூன்று வளையத்திலும் துளை லேசாகச் சாய்ந்திருந்தது. வளையம் பாதியில் நின்றுவிடும். பாதியில் நிற்கிற பூட்டுக்குத் துணிக்கட்டே மேல்.

வெட்டுகிற தலையைத் தாங்கும் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று, சாய்வை அளக்கிற டயல் கேஜ் காட்டியது. குளிர்பானத் தகரத்தை வெட்டிக் கம்பத்தடியில் செருகினார். ஒரு நாள் முள் அசையாது, மறுநாள் பார்த்தால் பதினைந்து கோடு தள்ளி நிற்கும். நைட் டூட்டி முடிந்து வந்து, பல்கூட விளக்காமல் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். இப்படியே மார்கழி வந்துவிட்டது.

ஒரு காலையில் நான் போனபோது மாப்பிள்ளை கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். "முடியல மச்சான். அலுத்துப்போச்சு."

"கடையில குடுத்துத் தொலைங்களேன் மாப்ளே!"

"நாலு எடம் கேட்டுட்டேன். ஒத்த பீஸுக்கு யாரும் கை வெக்க மாட்டேங்கறாங்க."

"அப்ப கம்பத்தையே கழட்டுங்க. அடியில இன்னா எழவு கெடக்குதுன்னு பாத்துடலாம்!"

அவர் ஸ்பேனரை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

இருவருமாகக் கம்பத்தைத் தூக்கினோம். அடிப்பாகத்தின் பின்விளிம்பில், தகடாய் நசுங்கி ஒட்டியிருந்தது சந்தனம். நடுவில் குங்குமம்.

"இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"பூட்டறப்பவே பாத்தேன். தொடைக்கத்தான் போனேன். அவ காலுக்கு வேண்டிக்கிட்டு அவளே வெச்சது மச்சான், கை வரல. இறுக்கினா நசுங்கிடும்னு நெனச்சேன்."

"சாய்ஞ்சப்புறமாவது தொடைக்கலாம் இல்ல?"

"அதுவா இருக்கக்கூடாதுன்னு வேற எல்லாத்தையும் தேடினேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். கரண்டு கம்பிக்குப் பயப்படாத மனிதர், ஒரு பொட்டுக்குப் பயந்து மூன்று மாசம் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்.

பின்னால் சத்தம் கேட்டது. நிர்மலா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. மெதுவாக வந்து, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள்.

"என் காலுக்குத்தான வெச்சேன்? என் காலுக்காக நானே தொடைக்கறேன். தள்ளுங்க."

அழுத்தித் துடைத்தாள். மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த வளையம் தயாரானது. அவரே அவள் காலில் மாட்டிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நிர்மலா எழுந்தாள். வளையம் 'டக்' என்று அடிவரை இறங்கியது. வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், இன்னொரு தடவையும் நடந்தாள்.

"என்னாங்க, முட்டி மடியாம நிக்குதுங்க!" என்றாள்.

அவர் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். அவள் எழுப்பவில்லை.