கேட்டுக்கு வெளியே நின்றவர்

மூன்று வருடம் நான் ஸ்கூட்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தேன். குடோன் தர்மபுரியில். அதியமான்கோட்டையும், அதைச் சுற்றி நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஊர்களும் என் லைன். அந்தக் குடோனில் வண்டியில் போகிற பெண் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் சேலத்தில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் போன முதல் மாதம் நான் ஒரு டம்ளர் அரிசி போட்டுச் சமைத்து, அதையும் மிச்சம் வைத்து, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தாங்க முடியாமல்தான் வேலைக்குப் போனேன். நாலு பேரைப் பார்க்கிற வேலை, பேச்சுத் துணைக்காவது ஆகும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வேலையில் பேச்சு கிடையாது. ஹாரன் அடிக்க வேண்டும், பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், "ஓடிபி சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் நாலு எண்ணைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உள்ளே போய்விடுவார்கள். சில நாள் சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது யோசித்துப் பார்ப்பேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே நீளமான பேச்சு "கேட்டுலயே மாட்டிட்டுப் போகட்டுங்களா" என்பதாக இருக்கும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. காலையில் எட்டரைக்கு வண்டியை எடுத்தால் திரும்ப மூன்று மணி ஆகும். என்னோடு வேலை செய்த ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் வண்டியை ஓரம் கட்டிக்கொள்வார்கள். நான் எங்கே போவேன்? பெட்ரோல் பங்கில் பாத்ரூம் இருக்கும், பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. காட்டுப் பக்கம் ஒதுங்கலாம் என்றால் பகல் வெளிச்சத்தில் தக்காளி பறித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். அதனால் நான் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். வண்டியில் பாட்டில் இருக்கும், வாயை மட்டும் நனைத்துக்கொள்வேன்.

இரண்டாவது கோடையில் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாகப் படுத்துவிட்டேன். டாக்டரம்மா சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"டியூட்டில குடிக்க மாட்டேங்க மேடம்."

"ஏன்?"

சொன்னேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. "எப்படியாச்சும் குடிங்க, இல்லாட்டி கிட்னிக்குப் போயிடும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பயத்தில் மறுநாள் வேலைக்குப் போனபோது ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தேன். பதினோரு மணிக்கெல்லாம் அடிவயிறு இறுகிவிட்டது. பங்குக்குப் போனேன், பூட்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எனக்கு வண்டியில் உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அடுத்த பார்சல், அதியமான்கோட்டைக்கு உள்ளே ஒரு சின்னத் தெருவில், கடைசிக்கு முந்தைய வீடு. அறுபதைத் தாண்டிய ஒருவர் பனியனும் வேட்டியுமாக வந்து கேட்டைத் திறந்தார். பார்சலைக் கொடுத்தேன், எண்ணை வாங்கினேன். போகாமல் நின்றேன்.

"சார், வூட்ல லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்களேம்மா. நான் மட்டும்தான். ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தாரோ, நான் நின்ற விதத்தைப் பார்த்தாரோ தெரியவில்லை.

"பாத்ரூம் போகணுங்களா?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே வந்தார்.

"நேரா உள்ள போயி சமையக்கட்டுக்கு எடது பக்கம். வூட்டை உள் தாப்பா போட்டுக்குங்க. நான் இங்க ரோட்டுல நிக்கிறேன். உங்க பையையும் பாத்துக்கறேன்."

போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயந்துகொண்டேதான் போனேன். கதவைத் தாழிட்டுவிட்டு போனில் வீட்டுக்காரர் எண்ணை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவர் அப்போது நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் என்ன செய்திருப்பார் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. தனியாக இருக்கிறவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு. காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேலே சின்ன ஜன்னல் வழியாகத் தெருப் பேச்சு கேட்டது. எதிர்வீட்டுப் பெண்மணி, "என்னங்க, இந்த வெயில்ல ரோட்டுல நிக்கறீங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"சும்மாதாங்க. கொஞ்சம் காத்து வாங்கலாம்னு."

சித்திரை மாதம், உச்சி வெயில். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, என் ஸ்கூட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"இதுக்கென்னங்க. நான் ரயில்வேல முப்பது வருசம் கூட்ஸ் வண்டி கார்டு. கடைசிப் பொட்டில ஒத்த ஆளு. அதுல பாத்ரூம் கெடையாது. பொம்மிடி ஸ்டேஷன்ல வண்டிய ஓரமா போட்டான்னா நாலு மணி நேரம் சிக்னல் விழாது. எறங்கிப் போனா வண்டி கெளம்பிடும். அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்மா." துண்டைத் தலையிலிருந்து எடுத்து, "இந்தப் பக்கம் வர்றப்ப கூச்சப்படாம வாங்க" என்றார்.

பத்து நாள் கழித்து அவருக்கு மறுபடி ஒரு பார்சல் வந்தது. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் பெட்டியை வாங்கி வாசலில் வைத்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். பாத்ரூம் கதவில் புதுத் தாழ்ப்பாள் இருந்தது. நான்கு திருகாணியும் பளபளவென்று இருந்தன. மாடத்தில் பிரிக்காத சோப்பு ஒன்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் தண்ணீர் குடித்தேன். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று அவருக்குப் பார்சல் வந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் கேட்டருகில் இரண்டு நிமிடம் பேசுவோம். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரே மகள், கல்யாணம் ஆகிப் புனேயில் இருக்கிறாள் என்று சொன்னார். என் மகள் ஹாஸ்டலில் இட்லி சரியில்லை என்று அழுததை நான் சொன்னேன். "அழுவட்டும், சரியாயிடும்" என்றார். வீட்டுக்குப் போன பிறகும் அந்த இரண்டு நிமிடம் எனக்கு மிச்சம் இருக்கும். அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் சொன்ன ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்வேன். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை.

ஆடி மாதம் போல ஒரு நாள், பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது ஹாலில் மின்விசிறி போட்டிருந்தது. அதன் காற்றில் ஏதோ சடசடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு பெஞ்சின் மேல் பார்சல்களை அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் நான் காலையில் மார்க்கரால் போடுகிற வரிசை எண் என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. டார்ச் லைட், டீ வடிகட்டி, போன் கவர். மேலே ஒட்டிய சீட்டிலேயே பொருளின் பெயர் இருக்கும். மேலே இருந்த பிளாஸ்டிக் உறைதான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். பிறகு பாவமாக இருந்தது. அதற்கும் பிறகு, நான் அந்த மனுசனை ஏதோ ஒன்றில் இழுத்துவிட்டுவிட்டேன் என்று தோன்றியது. ஒரு வாரம் இதையே யோசித்தேன். அடுத்த பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"சார், வாங்கினது எதையும் நீங்க பிரிக்கவே இல்லைங்களே?"

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்சல் இருந்தாத்தானே நீங்க இந்தத் தெருவுக்கு வருவீங்க. இல்லாட்டி எங்க போவீங்க."

அவரே தொடர்ந்தார்.

"உங்களுக்காகன்னு மட்டும் சொன்னா அது பொய்ம்மா. யாராச்சும் வரட்டும்னுதான். வண்டிச் சத்தம் கேட்டா ஒரு இது."

"இனிமே எதுவும் ஆர்டர் போடாதீங்க சார்" என்றேன். "எனக்கு மனசு கஷ்டமா இருக்குதுங்க. பார்சல் இல்லாட்டியும் நான் வருவேன்."

"வருவீங்களா?"

"வருவேனுங்க."

அவர் சொன்னபடி நிறுத்திவிட்டார். நான் சொன்னபடி ஒரு முறை போனேன். ஹாரன் அடித்தேன். அவர் வந்து கேட்டைத் திறந்தார். கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றபோது எனக்கு என்னவோ போல இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "வாங்க, வாங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அவசரமாக ரோட்டுக்குப் போனார். நான் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது எதிர்வீட்டுப் பெண்மணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பார்சல் ஒண்ணும் இல்லீங்களா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். சிரிக்கக்கூட இல்லை.

"இல்லீங்க, ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்று பொய் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்தத் தெருவிலேயே கடைசி வீட்டுக்கு ஒரு பார்சல் இருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்குள் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் எழுந்தார். எதிர்வீட்டு வாசலில் அந்தப் பெண்மணியும் நின்றிருந்தார். நான் நிறுத்தவில்லை. ஹெல்மெட்டும் முகத்தைச் சுற்றிய துப்பட்டாவுமாக அவரைக் கடந்து போனேன். கடைசி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். கையை லேசாகத் தூக்கினார். நான் வண்டியின் மீட்டரைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறை வரைக்கும் அடக்கிக்கொண்டு போனேன்.

அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எனக்கு அவரிடம் பயம் இல்லை. அந்தப் பெண்மணியும் கெட்டவர் இல்லை. நிறுத்தி, "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது.

தை மாதம் எனக்கு முதுகுவலி வந்ததால் குடோனுக்குள்ளேயே உட்காரவைத்தார்கள். திரும்பி வருகிற பார்சல்களைப் பதிவு செய்யும் வேலை. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், அங்கே பாத்ரூமுக்குப் போக விட்டார்கள். என் லைனுக்கு வேறொருவர் போனார். பங்குனியில் ஒரு நாள் அந்த லைன்காரர் திருப்பிக் கொண்டுவந்து போட்ட பெட்டிகளில் ஒன்றில் சார் வீட்டு முகவரியைப் பார்த்தேன். வீடு பூட்டியிருக்கிறது, போனையும் எடுக்கவில்லை என்றார் அவர். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை கூப்பிட வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டரில் எண்ணைப் பார்த்து ஆபீஸ் லேண்ட்லைனில் கூப்பிட்டேன். ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"பார்சல் ஆபீஸ்லருந்து பேசறேங்க சார்" என்று தொடங்கினேன்.

"நீங்களாம்மா?" என்றார்.

ஆமாம் என்றேன். எப்படி இருக்கீங்க என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். கார்த்திகையில் வீட்டுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதாம். மகள் வந்து புனேவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பதினோராவது மாடி. "இங்க யாரையும் மேல விடமாட்டாங்கம்மா. பார்சல் வந்தா கீழ செக்யூரிட்டி வாங்கி வெச்சுக்குவாரு. மக ஆபீஸ் முடிச்சு வர்றப்ப எடுத்துட்டு வருவா. யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னே தெரியாது."

"சார், அன்னிக்கு நான் நிக்காமப் போயிட்டேன்" என்றேன்.

"எதிர்ல ஆளு இருந்தாங்க. தெரியும்மா. நான்தான் எந்திரிச்சு நின்னிருக்கக் கூடாது."

அவர் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடிக்கிறேன் என்றேன். மகள் கடைசி வருடம் வந்துவிட்டாள் என்றேன்.

"இந்தப் பார்சலை என்ன பண்றதுங்க சார்? ஏதோ வால் கிளாக்குன்னு போட்டிருக்குது."

"எப்பப் போட்டேன்னு ஞாபகமே இல்லை. மக போன்ல பழைய அட்ரஸ் அழுத்திட்டனாட்ட இருக்குது. திருப்பி அனுப்பிடுங்க."

அதற்குள் கவுண்டரில் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் கூப்பிடுறேன் சார் என்று சொல்லி வைத்தேன். வந்தவர்களை அனுப்பிவிட்டு அந்தப் பெட்டியில் திருப்பி அனுப்பும் சீட்டை ஒட்டினேன். பதிவு முடிந்துவிட்டால் எங்கள் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளரின் எண் மறைந்துவிடும், பிறகு யாராலும் பார்க்க முடியாது. அது எனக்குத் தெரியும். பேனா கையில்தான் இருந்தது, எழுதி வைத்திருக்கலாம். மற்ற பெட்டிகளோடு அதையும் சேர்த்துப் பதிவை முடித்தேன். நாலு மணி வண்டியில் எல்லாம் ஏறிப் போனது.