மலைமொழிக்குத் தாய் யார்

தொண்ணூறுகளின் நடுவில் நான் கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸேறி, கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டைப் அடிக்கப் போய்வந்தேன். எதிலும் மனம் நிற்காத வயது. ஆபீசில் இருந்தால் வீட்டுக்கு ஓடத் தோன்றும். வீட்டில் இருந்தால் எங்கேயாவது போகத் தோன்றும்.

பக்கத்து மேஜையில் வேலைபார்த்த அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அவளும் அதே பஸ்தான். ஒருநாள் ரோட்டில் லாரி கவிழ்ந்து பஸ் நகரவில்லை. இருப்புக்கொள்ளாமல், இல்லாத ஒரு நாட்டைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தேன். மேகத்துக்குள் வாழும் மலைக்காரர்கள். கீழே, உப்பு ஏரியில் மிதக்கும் வீடுகளில் ஏரிக்காரர்கள்.

"அவியெல்லாம் என்ன பாசை பேசுவாங்க?" என்று கேட்டாள் அக்கா.

அன்றிலிருந்து பஸ்ஸில் எங்களுக்கு அதுதான் வேலை. மலைக்காரர்களுக்குத் தண்ணீர் 'லூம்'. ஏரிக்காரர்களுக்கு 'நூமா'. அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நம் 'பால்' அங்கே 'ஆலு'. ஒரே வார்த்தை வீட்டுக்கு வீடு முகம் மாறுவது அவளுக்குப் பழகியிருந்தது. லூமும் நூமாவும் அக்கா தங்கை என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அப்ப அம்மா யாருங்கக்கா?"

"அவ எப்பவோ செத்துட்டா கண்ணு. பேரே தெரியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. மலைமொழிதான் தாய், மலையிலிருந்து படையோடு இறங்கியவர்கள்தான் ஏரிக்காரர்கள் என்று அடித்துச் சொன்னேன். "ஏன், ஏரியிலிருந்து மேல ஏறியிருக்கக் கூடாதா?" என்றாள். சண்டை வாரக்கணக்கில் ஓடியது. பின்சீட்டுக்காரர் ஒருவர், "ஏனுங்கம்மணி, எந்த ஊட்டுப் பங்காளிச் சண்டைங்க இது?" என்று கேட்டே விட்டார்.

அது தீருவதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரக் குடும்பம். அவர்களும் கன்னடம் பேசுகிறவர்கள். வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். நான் தனியாக வார்த்தை செய்து பார்த்தேன். மறுத்துப் பேச ஆளில்லாமல் எதுவும் வாயில் நிற்கவில்லை. காலியான பஸ்ஸில் சீட்டு மாறி மாறி உட்கார்ந்தேன்.

சில மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். சமையற்கட்டில் வெங்காயம் உரித்தபடி மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு ஊட்டுலயும் கன்னடந்தான். ஆனா நான் வாயத் தொறந்தா மாமியா சிரிக்கறாங்க. பாதி வார்த்தைய முழுங்கிப்போட்டேன். மீதிய அவிய எங்கிட்டயிருந்து புடிச்சுக்கிட்டாங்க, அவியளுக்கே தெரியாம."

உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். பிறகு, "கண்ணு, யாரும் படையோட எறங்கலை. ஏரிக்காரிய மலைக்குக் கட்டிக்குடுத்தாங்க, மலைக்காரிய ஏரிக்கு. போன பொண்ணுகதான் வார்த்தையக் கொண்டுபோனாளுக," என்றாள்.

"அப்ப அந்த ஆதித்தாய்?"

"அவளும் எங்கிருந்தோ கட்டிக்குடுத்து வந்தவளா இருப்பா."

சிரித்தாள். ஆனால் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியை வைத்ததும், "வேலைய மட்டும் விடமாட்டேனுங்க," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள், சொல்லி அனுப்பவில்லை. அப்பா பல நாள் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் காலையில் எப்போதும்போல் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.