வைக்கோலுக்குக் கீழே உருளைக்கிழங்கு

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் அண்டா தூக்கியதில் ஜூராகானின் முதுகெலும்பு இடம் பெயர்ந்துவிட்டது. மண்வெட்டியைத் தொட்டால் படுக்கைதான் என்று கரகோல் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். வயது ஐம்பத்து நான்கு.

அதனால் இந்த வசந்தத்தில் அவள் தோட்டத்தைக் கொத்தவே இல்லை. மகளின் போனில் பார்த்தபடி, புல்தரை மேலேயே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினாள். அதன்மேல் மக்கிய சாணி, சாணியில் விதைக்கிழங்கு, கிழங்கின் மேல் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். ஆறு பாத்தி. விதைக்கு மிச்சம் ஒன்றுகூட வைக்கவில்லை. குளிர்காலச் சாப்பாடு முழுக்க அதற்குள் கிடந்தது.

ஊரை ஒட்டிய ஏரியின் தென்கரையில் அந்தத் தெருவே தோட்டத்தைக் கறுப்பாகக் கொத்திப் போட்டிருக்க, இவளுடையது மட்டும் ஆளில்லாத வீட்டுக் கொல்லை போலத் தெரிந்தது. வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுக் காலிபா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அக்கா, சனிக்கெழம எட்டு ஆம்பளைங்க வர்றாங்க. ஒங்க தோட்டத்தக் கொத்திக் குடுத்துருவோம்."

"யாரு கேட்டா?"

"கேட்டாத்தான் அஷாரா? குப்பமேடு மாதிரி கெடக்கு. இடுப்பு முடியலனு வாயத் தொறந்து சொன்னா என்ன? ஒஸ்மோன் அண்ணன்கிட்ட போன்ல சொல்லியாச்சு. மனுஷன் சந்தோஷத்துல அழாத கொற."

அஷார் என்று ஊர் கூடி வந்தால் கூலி வேண்டாம், வயிறாரச் சாப்பாடு போதும். வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியாது. சொன்ன வீட்டுக் கூரை நாளைக்குப் பறந்தால் ஏணி கொண்டுவர ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குப் பொர்சோக் பலகாரம் பொரிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டே, மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கும் கணவன் ஒஸ்மோனைப் போனில் பிடித்தாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நல்ல மனசோட வர்றவங்கள மொகத்துல அடிக்கச் சொல்றியா? மறுபடி நட்டுக்கோ."

"நட கெழங்கு எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை அவள் தேநீர்க் கெண்டியோடு வெளியே வருவதற்குள், டிராக்டர் ஓட்டும் புசுர்மான் முதல் பாத்தி வைக்கோலை வாரி எறிந்திருந்தான்.

"கீழ அட்டப்பெட்டி. அக்கா, தோட்டம் போட்டீங்களா, வீடு காலி பண்றீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மண்வெட்டிகள் இறங்கின. கிழங்கு வெட்டுப்படும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பாத்தியின் பாதி போனபிறகுதான் வாய் வந்தது. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது பாத்தி மேல் ஏறி நின்றாள்.

"போதும் தம்பி. கீழ கெழங்கு மொளச்சிருக்கு. என்னால கொத்த முடியாது, அதான் இப்படிப் போட்டேன். குளிருக்கு எங்க சாப்பாடு இதுதான்."

புசுர்மான் இரண்டாகப் போன ஒரு கிழங்கை எடுத்தான். வெள்ளை முளை விரல் நீளம் இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா வெட்டியிருப்பேனா?"

"எட்டுப் பேரு ஒதவினு வந்து நின்னா எப்படிப்பா சொல்றது?"

இரண்டு பேர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் வெளியேறினார்கள். யார் யார் என்று ஜூராகான் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"வந்ததுக்கு வேற வேல சொல்லுங்க," என்றான் புசுர்மான். முகம் இன்னும் சிவந்திருந்தது.

"வைக்கோல் பத்தாது. ஒங்க வீடுகள்ல போன வருஷத்து மக்கினது கெடந்தா..."

"எங்க வீட்டுக் குப்பையும் இங்கதானா? சரியாப் போச்சு."

மத்தியானத்துக்குள் மூன்று வண்டி வந்தது. சாப்பிட்டுக் கிளம்பும்போது அவன் சொன்னான்: "செப்டம்பர்ல வந்து வைக்கோலத் தூக்கிப் பாப்போம். ஒண்ணும் இல்லேனா தெருவுல ஒங்களுக்கு வேற பேரு வெச்சிருவாங்கக்கா."

எல்லோரும் போனபின் மெல்ல மண்டியிட்டு, வெட்டுப்பட்ட கிழங்குகளைப் பொறுக்கினாள். இருபத்து மூன்று. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, திரும்பச் சாணியில் வைத்து மூடினாள். முளைக்குமா அழுகுமா என்று தெரியப் பத்து நாளாகும். அதற்குள், சாப்பிடாமல் போன இரண்டு வீட்டுக்கும் பொர்சோக் போயாக வேண்டும். தானே எடுத்துக்கொண்டு போவதா, காலிபா கையில் கொடுத்தனுப்புவதா என்று முடிவு செய்ய முடியாமல் சாம்பல் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.